போத்தலில் அவளுடைய கைகள்

விடியாத ஆறு மணிக்கு, பாரிஸ் புறநகரான ஒபர்வில்லியேயில் எங்கள் கிடங்கின் இரும்புக் கதவை நான்தான் தூக்கித் திறக்க வேண்டும். தை மாதக் குளிரில் அது இலேசில் அசையாது. குனிந்து, தோளைக் கொடுத்து, மூச்சுப் பிடித்து முக்கினால்தான் மேலே ஏறும். உள்ளே பீப்பாக்களில் வேப்பெண்ணெய் நெய் மாதிரி உறைந்து கிடக்கும். அவற்றைச் சுற்றி மின்சூட்டுப் பட்டியைக் கட்டி, எண்ணெய் இளகும்வரை காத்து நின்று, இருநூறு லீற்றர்த் தொட்டிக்குள் வாளி வாளியாக ஊற்றுவேன். சவர்க்காரக் கரைசலும் தண்ணீரும் சேர்த்து நீளப் பலகையால் கிண்டுவேன். கால் மணி கிண்டினால் தோள்பட்டை இறங்கிவிடும். ஊசிப்போன கடலையும் உள்ளியும் சேர்ந்த மாதிரி ஒரு மணம் கிளம்பி உடுப்பிலும் தலைமயிரிலும் ஏறிக்கொள்ளும். பின்னேரம் மெத்ரோவில் என் பக்கத்து இருக்கை எந்த நெரிசலிலும் காலியாகத்தான் இருக்கும்.

மற்றவர்கள் ஏழு மணிக்கு வருவார்கள். இவ்வளவும் அவர்களுக்குத் தெரிந்த வேலை. தெரியாத வேலை ஒன்று திங்கட்கிழமைகளில் இருந்தது. அதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு வான் வந்து சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கேன்கள் நான்கைந்தைப் பின்கதவால் இறக்கிவிட்டுப் போகும். திங்கட்கிழமை காலை, ஆள் வருவதற்குள், அவற்றை நான் சுடுதண்ணீரில் நனைத்துக் கத்தியாலும் நகத்தாலும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். லேபிளில் ஒரு மண்டையோடு இருக்கும். மரத்தடியில் செத்து மிதக்கும் மீன் ஒன்றும் இருக்கும். நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு பெயர். இரண்டு வருடமாக அந்தப் பெயரைச் சுரண்டியதில் கண்ணை மூடிக்கொண்டும் அதை என்னால் எழுத முடியும். சுரண்டிய பிறகு அவை வெறும் சாம்பல் கேன்கள். கேட்பவர்களிடம் ‘அரோமா’, வாசனைக்குப் போடுகிற சாமான் என்று சொல்லச் சொல்லியிருந்தார் முதலாளி. அப்படியே சொன்னேன். தொட்டி ஒன்றுக்கு ஒரு குவளை ஊற்றினேன்.

எங்கள் சாமானின் பெயர் நீமெலா. செடிகளுக்கு அடிக்கிற இயற்கைப் பூச்சிமருந்து. அந்த வருடங்களில் பிரான்சில் போதை தராத கஞ்சாவைப் பயிரிட்டு விற்கலாம் என்றாகி, தெருவுக்குத் தெரு அதற்குக் கடைகள் முளைத்திருந்தன. மூடிய அறைக்குள் விளக்குப் போட்டு வளர்க்கிற அந்தச் செடிக்குச் செஞ்சிலந்தி பெரிய எதிரி. வெறும் வேப்பெண்ணெய் அதை மெல்ல மெல்லத்தான் கட்டுப்படுத்தும். முதலில் நாங்கள் வெறும் எண்ணெய்தான் அனுப்பினோம். வேலை செய்யவில்லை என்று போத்தல்கள் திரும்பி வந்தன. குவளை ஊற்றத் தொடங்கிய பிறகு நன்றிக் கடிதங்கள் வந்தன. அவற்றைப் பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டியிருந்தார் முதலாளி.

முதலாளி பிராங்க், எங்கள் வாயில் ‘பத்ரோன்’, புதுச்சேரிக் குடும்பத்துப் பிரெஞ்சுக் குடிமகன். ஐம்பது வயது, இனிமையான மனிதர். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கலவை வேலைக்கு என்னை வைத்தபோது, “உங்களத்தான் நம்புறேன் யோன்” என்றார். நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரன். இரண்டாயிரத்து ஒன்பதில் இங்கே வந்து, அகதி வழக்குத் தோற்று, எட்டு வருடம் ஒளித்துத் திரிந்து, கடைசியில் இவர் கொடுத்த வேலை ஒப்பந்தத்தால்தான் வதிவிட அட்டை எடுத்தவன். ஒருவர் என்னை நம்புகிறேன் என்று சொன்னால் அப்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அந்த மடத்தனத்துக்கு நான்தான் பொறுப்பு.

போத்தலின் லேபிளில் இரண்டு கைகள் வேப்பிலையை ஏந்தியிருக்கும். ‘நூறு வீதம் வேம்பு. தாய்மாரின் கைகளிலிருந்து’ என்று கீழே எழுதியிருக்கும். அவை தாமரைச்செல்வியின் கைகள். எங்களோடு மூடி திருகுகிறவள், கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை. படம் எடுத்த அன்று தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேப்பங்கொத்து வாங்கி வந்தவன் நான். அவள் கையைக் கழுவித் துடைத்து, வெட்கப்பட்டுக்கொண்டே நீட்டினாள். அந்தப் படத்தை ஊருக்கும் அனுப்பினாள். இரண்டாவது மாரிக்குள் அந்தக் கைகள் பாளம் பாளமாக வெடித்துவிட்டன. கையுறை போட்டால் மூடி வழுக்கும், அளவு எட்டாது. அதனால் ஒருவரும் போடுவதில்லை. வெடிப்புக்கு எல்லாரும் தொட்டி விளிம்பில் வழிகிற எண்ணெயையே தொட்டுப் பூசுவார்கள். வேம்பு என்றால் எங்கள் சனத்துக்கு அப்படியொரு நம்பிக்கை. பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிற மாலி நாட்டுக்காரன் பக்காரிகூட அவர்களைப் பார்த்துப் பூசப் பழகிவிட்டான்.

அவளுடைய மகள் கனிஷ்காவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் இல்லாத புதன்கிழமைகளில், பார்க்க ஆள் கிடைக்காவிட்டால், கிடங்குக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இருந்து படம் கீறுவாள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். யோசிக்கும்போது பின்னல் நுனியை வாயில் வைத்துச் சப்புவது அவளுடைய பழக்கம். அதை நானும் எத்தனையோ தரம் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரம் தாமரைச்செல்வி தொட்டியடிக்கு வந்தாள். கையில் மூடி உடைந்து ஒதுக்கிய போத்தல் ஒன்று இருந்தது.

“யோன் அண்ணை, பள்ளிக்கூடத்திலை பேன் எண்டு கடிதம் குடுத்து விட்டிருக்கினம். பார்மசித் தண்ணி ரெண்டு தரம் வைச்சும் போகேல்லை. இதைக் கனிஷ்காவின்ரை தலைக்கு வைக்கலாமோ?”

நான் கிண்டிக்கொண்டிருந்தேன். பலகை ஒரு சுற்றுச் சுற்றிவர எவ்வளவு நேரம் எடுக்கும்? அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்பதற்கு மறுமொழி சொன்னால், கையில் பூசுகிற பதினாலு பேருக்கும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஒப்பந்தம், அட்டை, எல்லாம் என் தலைக்குள் ஓடின. ஒரு குவளைதானே, கரைந்துபோயிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன்.

“ஓம்” என்றேன்.

“வேம்புதானே, என்ன செய்யப்போகுது” என்று அவளே என்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவளுடைய தொலைபேசி வந்தது.

“அண்ணை, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டந்திருக்கிறம். ராத்திரி எண்ணெய் வைச்சுச் சீலையாலை கட்டிப் படுக்க விட்டனான். காலமை எழும்பி நிக்கேலாமல் சரியுறாள். ரெண்டு தரம் சத்தியெடுத்திட்டாள். கண்மணி பெரிசாய்க் கிடக்கு, கை கால் நடுங்குது. எண்ணெயிலை வேறை என்ன கிடக்கெண்டு டொக்டர் கேக்கிறா. வேம்பு மட்டும்தான் எண்டு சொன்னனான். சரிதானே?”

என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எழுதவே கை கூசுகிறது. “போத்தலைக் காட்டினீரோ தங்கச்சி? எல்லாம் அதிலை எழுதிக் கிடக்குத்தானே” என்றேன்.

“காட்டினனான். டொக்டர் பாத்திட்டு, இது வருத்தம் வரக்கூடிய சாமான் இல்லை எண்டு வேறை சோதினையள் செய்யினம்.”

பிராங்குக்கு அடித்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“பதட்டப்படாதீங்க யோன். பசங்களுக்கு ஆயிரம் வரும். இப்ப எங்க பார்த்தாலும் கஸ்த்ரோ, வயித்துக் கோளாறு. வாந்தி இருக்குதுல்ல, அதான்.”

“பத்ரோன், பிள்ளைக்கு நிக்கேலாமல் இருக்காம். கேனிலை கிடக்கிற பேரை டொக்டருக்குச் சொன்னால்...”

“போத்தல்ல என்னா எழுதியிருக்குதோ அதான் உள்ள இருக்குது. அத நீங்களே சொல்லிட்டீங்க, நல்லது. வேற எதுவும் நமக்குத் தெரியாது. பதினாலு குடும்பம் யோன். உங்க வதிவிடக் கார்த்தையும் மார்ச்ல புதுப்பிக்கணுமில்ல? பிரெஃபெக்த்யூர் ஆபீசுக்கு வேலைக் கொந்த்ரா நான்தானே குடுக்கணும்?” பிறகு, “பாப்பாவுக்கு ஏதாவது பொம்மை வாங்கிட்டுப் போங்க, நான் குடுத்தேன்னு சொல்லுங்க” என்றார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. லா ஷப்பல் மேம்பாலத்தின் கீழே நடந்தேன். தலைக்கு மேலே இரண்டாம் இலக்க மெத்ரோ போய் வந்துகொண்டிருந்தது. தேத்தண்ணிக் கடையில் ஒன்றை வாங்கி ஆறவிட்டுக் குடிக்காமல் எழும்பினேன். தெரிந்த முகம் கண்டால் எதிர்ப்பக்கத்துக்கு மாறினேன். தானாகச் சுகமாகிவிடும், சின்ன உடம்பு பிடித்துக்கொள்ளும் என்று மணிக்கு நூறு தரம் சொல்லிக்கொண்டேன். ஒரு மணி போய் இரண்டு மணியாகி மூன்றாகியது. அந்த மணித்தியாலங்களை இன்னும் நான் வைத்திருக்கிறேன்.

காலில் வலி எடுத்து நின்ற இடம் கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் ஒரு கஞ்சாக் கடை. கண்ணாடிக்குள் பச்சை விளக்கு. கைத்தடியோடு ஒரு வெள்ளைக்கார அம்மா உள்ளே நின்றார். விரல் மூட்டெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தன. கதவு திறந்து கிடந்ததால் அவர் கேட்டது எனக்குக் கேட்டது. வலிக்காகப் புகைக்கிறேன், இதில் மருந்து கிருந்து ஒன்றும் அடிக்கவில்லையே என்று கேட்டார். விற்கிறவன் பையைக் கட்டிக்கொண்டே, “இல்லை அம்மா, சுத்தமான பயிர், இயற்கை எண்ணெய் மட்டும்தான்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாதபடி சுரண்டி எடுத்தவன் வாசலில் நின்றேன். அந்த அம்மா சமாதானமாகித் தலையாட்டியதைப் பார்த்தபோது தொட்டியடியில் தாமரைச்செல்வி நின்ற நிலைதான் நினைவுக்கு வந்தது. லேபிள் சுரண்டிய என் நகத்தின் கீழே, இதைப் புகைக்கிற எத்தனை பேருடைய நெஞ்சு என்று நினைத்தேன். வாய் விட்டு அழுதேன். பிறகு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் அறை வாசலில் டொக்டரைப் பிடித்து, வந்த பாதையில் எடுத்த மெத்ரோப் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தேன். அபமெக்டின். பிரெஞ்சில் பத்து எழுத்துப் பெயர். ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. டொக்டர் அதை வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். நஞ்சு மருத்துவ நிலையத்துக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லித் தாதியிடம் கத்தினார். போய் வந்து என்னிடம், நடுக்கத்துக்காகக் காலையில் கொடுத்த மருந்து இந்த நஞ்சோடு சேரக் கூடாதது, அதனால்தான் பிள்ளை மயங்கிக் கிடக்கிறாள் என்றார். “காலையிலேயே தெரிந்திருந்தால் அதைக் கொடுத்திருக்க மாட்டோம். தலைமுடியைக் கழுவக்கூட இப்போதுதான் சொல்கிறேன். சீலைக்கு வெளியே கிடந்த பின்னல் நுனியை அவள் விடியும்வரை சப்பியிருக்கிறாள். எவ்வளவு காலமாக உங்களுக்குத் தெரியும்?”

இரண்டு வருடமாக என்றேன்.

தாமரைச்செல்வி சுவரோடு சாய்ந்து நின்றாள். பிரெஞ்சில் பேசியதெல்லாம் அவளுக்கு விளங்கியிருந்தது. அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் கேட்டனான்” என்றாள். “கேட்டுத்தானே வைச்சனான். நீங்கள் ஓம் எண்டனீங்கள் அண்ணை.”

அவ்வளவுதான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிறு காலை கோயிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கும்போது வரிசையை விட்டு விலகினேன். சாமியார் மன்னித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். மன்னிக்கக்கூடியவர்களிடம் போய்ச் சொல்வதில் எனக்கு என்ன கஷ்டம்? பூசை முடிந்து வாசலில் இஞ்ஞாசி ஐயாவைப் பிடித்தேன். எங்கள் கிடங்கில் பார்சல் கட்டி முகவரி ஒட்டுகிறவர், புதுச்சேரிக்காரர், வயதானவர். முன்பு ஒரு கார்த் தொழிற்சாலையில் இருந்தபோது தொழிற்சங்கத்தில் நின்று பழகியவர். மழைத் தூறலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை என் தோளில் வைக்கவில்லை.

“தெரிஞ்சேவா?” என்றார்.

“தெரிஞ்சுதான்.”

அவர் தன்னுடைய வெடித்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாளைக்கு ஆறு மணிக்கு அத்தினி பேரும் வரட்டும். நான் எல்லாருக்கும் போன் போடறேன். எங்கிட்ட சொன்னத அப்படியே அங்க சொல்லுங்க. ஒரு வார்த்தை கொறைக்காதீங்க.”

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கதவைத் தூக்கும்போது என் பக்கத்தில் குனிந்து தோள் கொடுக்க ஆள்கள் இருந்தார்கள். எதற்காக வரச் சொன்னது என்று அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு நான் சுடுதண்ணீர் வைக்கவில்லை. பின்னால் கிடந்த ஐந்து கேன்களையும் உருட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மண்டையோடு தெரிய வரிசையாக நிறுத்தினேன். பிறகு சொன்னேன். தமிழில் ஒரு தரம், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஒரு தரம்.

பக்காரிதான் முதலில் முன்னால் வந்தான். இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே விரித்தான்.

“குளிர் தொடங்கிய நாளிலிருந்து இதைத்தான் பூசுகிறேன். நீ பக்கத்தில் நின்றாய். பார்த்தாய். ஒரு நாளாவது சொன்னாயா?”

“இல்லை.”

“வீட்டுக்குப் போய் இந்தக் கையால் என் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறேன்.”

பின்னால் நின்ற ஒரு பெண் தன் கையை மேலங்கியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் இவனைப் பொலிசில் கொடுங்கள் என்று ஒருவர் சொன்னார். நானும் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

“அதுவும் நடக்கும்” என்றார் இஞ்ஞாசி. “மொதல்ல இன்னைக்கு என்னா பண்றோம்னு பேசுங்க. ஆபத்தான எடத்துலேர்ந்து வேலைய நிறுத்திட்டு வெளிய வர்றதுக்கு இந்த நாட்டுச் சட்டத்துல உரிமை இருக்குது. தனித்தனியா வெளிய வந்தா நாளைக்கே ஆள மாத்திடுவான். பதினாலு பேரும் வந்தா யோசிப்பான். தொழில் பரிசோதகர் ஆபீஸ் ஒம்பது மணிக்குத் தொறக்கும், நான் பேசறேன்.”

“கிடங்கு மூடினால்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“மூடுனா மூடட்டும்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கும் வாடகை இருக்குது. கையுறை போட்டு, லேபிள் போட்டு, என்னா ஊத்தறோம்னு தெரிஞ்சு வேலை செய்யணும். அதத்தான் கேக்கறோம்.”

இரண்டு பேர் தயங்கினார்கள். அவர்களுக்கு என்னைவிட மோசமான வதிவிடப் பத்திரங்கள். பக்காரி அவர்களிடம் மெதுவாக ஏதோ பேசினான். பிறகு அவர்களும் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். கேன்களையும் தூக்கிக்கொண்டு வந்து தெருவைப் பார்க்க நிறுத்தினோம். கிடங்குக்குள் சூட்டுப் பட்டியைக்கூட நான் போடவில்லை. எண்ணெய் உறைந்தபடியே கிடந்தது.

எட்டரைக்குப் பிராங்கின் கார் வந்தது. இறங்கியவர் எங்களைப் பார்க்கவில்லை, கேன்களைத்தான் பார்த்தார்.

“என்னா யோன் இது? உள்ள எடுத்து வைங்க.”

நான் அசையவில்லை.

“இதுல என்ன இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு” என்றார் இஞ்ஞாசி. “பிள்ளை ஆஸ்பத்திரியில கெடக்குது. நாங்க வேலைக்கு வந்துட்டோம், ஆனா உள்ள வர மாட்டோம்.”

“பிள்ளைக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனா செடிக்கு அடிக்கிறத யாரு தலையில தேய்க்கச் சொன்னது? நானா?” குரல் இன்னும் இனிமையாகத்தான் இருந்தது. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “இத யாரு ஊத்துனது? நானா? ஒவ்வொரு கலவைத் தாள்லயும் கையெழுத்து யோனோடது. லேபிள சொரண்டுனதும் அவர்தான். போலீஸ் வந்தா யார கூட்டிட்டுப் போவாங்கன்னு நினைக்கிறீங்க?”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வெள்ளிக்கிழமை போலவே எனக்கு ஒரு சின்ன நேரம் கிடைத்தது.

“ஓம்” என்றேன். “நான்தான் சுரண்டினனான். நான்தான் ஊத்தினனான். பொலிசுக்கும் அதைத்தான் சொல்லுவன். நீங்கள் சொல்லித்தான் செய்தனான் எண்டும் சொல்லுவன். ஒண்டை விட்டு ஒண்டைச் சொல்லமாட்டன்.”

“உங்க கார்த்?”

“அது போனால் போகட்டும் பத்ரோன்.”

பக்காரி நகர்ந்து என் பக்கத்தில் வந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை, பிராங்கைப் பார்த்துப் பிரெஞ்சில் பேசினான்.

“இவனை நாங்கள் பார்த்துக்கொள்வோம். இவனிடம் எனக்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் அதைக் காட்டி எங்களைப் பிரிக்க நினைக்காதே. கேனை வாங்கியது நீ.”

பிராங்க் சிரிக்கப் பார்த்தார். “லா கூர்னெவ் ஸ்டேஷன் வாசல்ல போய் நின்னா மத்தியானத்துக்குள்ள வேலை தேடி நிக்கிற நாப்பது பேர கூட்டிட்டு வருவேன்.”

“கூட்டிட்டு வாங்க” என்றார் இஞ்ஞாசி. “நாங்க இங்கதான் நிப்போம். கேன்ல எழுதியிருக்கறத ஒவ்வொருத்தருக்கும் படிச்சுக் காட்டுவோம். அப்புறம் உள்ள போறவங்க போகட்டும்.”

பிராங்க் உள்ளே போய் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் அங்குமிங்கும் நடந்தார். ஒன்பது மணிக்கு இஞ்ஞாசி தொழில் பரிசோதகர் அலுவலகத்தோடு பேசினார். வருவோம் என்றார்களாம். எப்போது என்று சொல்லவில்லை. தூறல் விழத் தொடங்கியது. ஒருவர் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்தார். அது கைக்குக் கை மாறி என்னிடமும் வந்தது. வாங்கத் தயங்கினேன். பிடித்துக்கொள் என்று பக்காரி முழங்கையால் இடித்தான்.

பத்து மணிபோலத் தாமரைச்செல்வி பஸ்ஸால் இறங்கி வந்தாள். சனிக்கிழமை போட்ட அதே உடுப்பு. அவளைச் சுற்றி எல்லாரும் கூடினார்கள்.

“கண் முழிச்சிட்டாள். என்னைத் தெரியுது” என்றாள். “கோப்பையைப் பிடிக்கக் குடுத்தால் கை ஆடுது. அது நிக்குமோ நிக்காதோ எண்டு இப்ப சொல்லேலாதாம். தேப்பன் பக்கத்திலை இருக்கிறார். நீங்கள் எல்லாரும் வெளியிலை நிக்கிறியள் எண்டு இஞ்ஞாசி ஐயா சொன்னவர். அதுதான் வந்தனான்.”

என் பக்கம் அவள் பார்வை வரவில்லை. கதவோரத்தில் அன்றைக்கு அனுப்ப வேண்டிய பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. பதினொரு மணிக்கு லொறி வந்து ஏற்றிப் போகும். ஆர்தெஷ், பிரெத்தாஞ், எங்கெங்கோ இருக்கிற பயிர்க்காரர்களின் முகவரி இஞ்ஞாசியின் கையெழுத்தில் இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் வேப்பிலையை ஏந்திய அவளுடைய கைகள், வெடிக்காத காலத்துக் கைகள். அவள் அந்த அடுக்குக்கு முன்னால் போனாள். விரலால் அந்தப் படத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

“இது என்ரை கை” என்றாள். “என்ரை கையைக் காட்டித்தானே எனக்கே வித்தவை. இனி இது பொய்யோடை ஒரு இடமும் போகாது.”

இஞ்ஞாசியின் சட்டைப் பையிலிருந்து முகவரி எழுதுகிற தடித்த கறுப்புப் பேனையை எடுத்தாள். மூடியைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். அந்தப் பேரை எப்படி எழுதுவது என்று பக்காரி என்னைக் கேட்டான். இஞ்ஞாசி தன் பையிலிருந்து இன்னும் மூன்று பேனைகளை எடுத்துக் கொடுத்தார். ஆள்கள் ஆளுக்கொரு பெட்டியை இறக்கத் தொடங்கினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த பிராங்க் நின்றுவிட்டார். தெருமுனையில் லொறி திரும்புகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அது பெட்டிகளை ஏற்றுமோ, பொலிஸ் முதலில் வருமோ, பரிசோதகர் வருவாரோ, எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

தாமரைச்செல்வி பேனையைப் படத்தின் மேல் வைத்தபடி, முதல் தரமாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை.

“நீங்கள் சொல்லுங்கோ” என்றாள். “நான் எழுதுறன்.”

முதல் எழுத்தைச் சொன்னேன். லொறிச் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம், பலமாகச் சொன்னேன். அவள் எழுதினாள். பக்காரி அந்த எழுத்தை வாங்கித் தன் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னான். அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். கடைசிப் பெட்டிவரை அது போய்ச் சேர்ந்ததும், அங்கிருந்து ஒருவர் கையை உயர்த்தி, அடுத்ததைச் சொல் என்றார்.